முப்பத்து மூன்று கண் பாலத்துக்காரருக்கு

மதிப்பிற்குரிய அல்லாவெர்தி கான் அவர்களுக்கு,

நீங்கள் இறந்தது 1613-ல், கடிதம் கொஞ்சம் தாமதம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈரானின் இஸ்பஹானில் நீங்கள் முன்னின்று கட்டிய பாலம் அப்படியே நிற்கிறது. உங்கள் பெயரைச் சொல்லி அழைப்பதும் உண்டு, ஆனால் ஜனங்கள் வாயில் புழங்குவது சீ-ஓ-சே-போல், அதாவது முப்பத்து மூன்று பாலம். கண்ணை எண்ணிப் பெயர் வைத்துவிட்டார்கள்! சாயங்காலமானால் கண்களுக்கு அடியில் நின்று யாராவது பாடுகிறார்கள், செங்கல் வளைவில் குரல் நன்றாகவே எதிரொலிக்கும். ஆறுதான் வருஷத்தில் பல மாதம் வறண்டு கிடக்கிறது.

சரி, சொல்ல வந்தது வேறு. ஜார்ஜியாவில் கிறிஸ்தவராகப் பிறந்து, போரில் பிடிபட்டு, மதம் மாறி, பாரசீக அரண்மனையில் குலாமாக, அதாவது அரசரின் அடிமையாக வளர்ந்தவர் நீங்கள். பாரசீக மன்னர் ஷா அப்பாஸுக்குக் கிசில்பாஷ் என்ற போர்க்குலங்களின் தலைவர்களோடு ஓயாத தலைவலி, ஒருத்தன் மேல் கைவைத்தால் அவன் பங்காளிகள் அத்தனை பேரும் வாளோடு வருவார்கள். உங்களுக்கோ அங்கே மாமன் மச்சான் கிடையாது. அதுதான் உங்கள் தகுதியே. 1595 வாக்கில் ஃபார்ஸ் மாகாணத்தையே உங்களிடம் கொடுத்தார், ஒரு குலாம் கிசில்பாஷ் அமீர்களுக்குச் சமமாக உட்கார்ந்தது அப்போதுதான்.

மஷ்ஹதில் இமாம் ரெசா தர்காவில் உங்களுக்காகக் கட்டிய கல்லறை மண்டபம் முடிந்துவிட்டது, நீங்கள் வர வேண்டியதுதான் பாக்கி என்று வேலையாள் வந்து சொன்னானாம், அதைக் கேட்ட கொஞ்ச நாளில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்களாம். அந்த ஆளின் நாக்கை என்ன சொல்வது! ஷாவே துக்கம் விசாரிக்க உங்கள் வீட்டுக்கு வந்தார்.

ஆனால் அங்கே பல வருஷம் பிழைத்தவருக்குக் குடும்பம் என்று ஒன்று வந்துவிடுகிறதே. உங்கள் மகன் இமாம் குலி கான் ஃபார்ஸை ஆண்டார், 1622-ல் ஆங்கிலேயக் கப்பல்களின் துணையோடு போர்த்துக்கீசியரிடமிருந்து ஹொர்முஸ் தீவைப் பிடித்தார். இன்னொரு மகன் தாவூத் கான் ஜார்ஜிய மன்னரோடு சேர்ந்து கலகம் செய்ய, அப்பாஸின் பேரன் ஷா சஃபி இமாம் குலியையும் அவர் பிள்ளைகளையும் கொன்றுபோட்டார், நீங்கள் போய் இருபது வருஷத்துக்குள். பங்காளி இல்லை என்று உங்களைத் தூக்கிவிட்ட அதே அரண்மனை, பங்காளிகள் பெருகிவிட்டார்கள் என்று பயந்தது. நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பீர்கள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் மறுபடி எழுதுகிறேன்.