எங்கள் மகனுக்குத் துணை நின்றோருக்கு நன்றி

அன்புடையீர்,

2025 ஆகஸ்ட்டில், பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயிலும் எங்கள் மகன் எட்டோமிடேட் என்னும் மயக்க மருந்து கலந்த மின்சிகரெட்டைப் புகைத்து நினைவிழந்து விழுந்தபோதும், அதற்குப் பிந்திய மாதங்களிலும் எங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும் என் மனைவியும் நானும் இம்மடல் வழியே நன்றி கூறுகிறோம். உங்களுள் சிலரை நேரில் கண்டு கைகூப்பிவிட்டோம். சிலர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. ஆகவேதான் பொதுவில் எழுதுகிறோம்.

முதல் நன்றி, அன்று அவனுடன் இருந்த நண்பனுக்கு உரியது. தம்பி, உன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மின்சிகரெட்டை வைத்திருப்பதே சிங்கப்பூரில் 2018 முதல் குற்றம் என்பதை நீ அறிவாய். அச்சத்தில் நீ ஓடிப்போயிருக்கலாம். ஆனால் நீ ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைத்தாய். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாய். வந்த மருத்துவ உதவியாளர்களிடம் "கேபாட்" (எட்டோமிடேட் கலந்த மின்சிகரெட்டின் பேச்சுவழக்குப் பெயர்) என்று உண்மையைச் சொல்லி, அந்தக் கருவியையும் அவர்கள் கையில் கொடுத்தாய். வழக்கமான சிறுநீர்ச் சோதனை எட்டோமிடேட்டைக் காட்டுவதில்லை என்பதால், நீ சொன்ன அந்த ஒரு சொல் இல்லையென்றால் மருத்துவர்கள் காரணத்தை வேறெங்கெங்கோ தேடவேண்டியிருந்திருக்கும். உன்னை இவ்வாறு வளர்த்த பெற்றோரை நாங்கள் வணங்குகிறோம்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கூட்டம் கூடி, சிலர் கைப்பேசியில் படம்பிடிக்கத் தொடங்கியபோது, அவர்களை விலக்கிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் அருகிலேயே அமர்ந்திருந்த மூன்றாம் மாடி மக்சிக்குக்கும் (மலாய் அம்மையாருக்கும்) எங்கள் நன்றி.

மருத்துவமனையில் எங்களைக் குற்றவாளிகளைப்போல் நடத்தாமல், பொறுமையாக விளக்கிய மருத்துவருக்கும் தாதியருக்கும் கடன்பட்டிருக்கிறோம். எட்டோமிடேட் என்பது அறுவை சிகிச்சைக்கு முன் நரம்பு வழியாகச் செலுத்தப்படும் மயக்க மருந்து என்பதும், அது அட்ரீனல் சுரப்பியில் கார்ட்டிசோல் என்னும் இயக்குநீர் உருவாவதைத் தடுக்கும் என்பதும் அவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளுக்கு அதைத் தொடர்ந்து செலுத்தியபோது இறப்பு கூடியதைக் கண்டு, 1980களிலேயே அவ்வழக்கத்தைக் கைவிட்டுவிட்டார்களாம். வல்லுநர்கள் அளந்து, கண்காணித்துக் கொடுக்கும்போதே அத்தனை எச்சரிக்கை தேவைப்படும் ஒரு மருந்தை, எவரோ எங்கோ அளவின்றிக் கலந்து, பழ வாசனையூட்டி, பதின்ம வயதினரிடம் விற்கிறார்கள். உறையில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது என்னவென்று விற்பவருக்கே தெரியாது. 2023 அக்டோபரில் சீனா எட்டோமிடேட்டைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபின், மூலக்கூறைச் சற்றே மாற்றிய மெட்டோமிடேட், புரோப்போக்சேட் போன்றவை சந்தைக்கு வந்தன. அவற்றை உட்கொள்ளும் பிள்ளைகளின் உடம்பே சோதனைக்கூடமாகிறது.

பறிமுதல் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட மின்சிகரெட்டுகளைச் சோதித்து, அவற்றுள் மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்ததை 2025 ஜூலையில் வெளிப்படையாகச் சொன்ன சிங்கப்பூர்ச் சுகாதாரத் துறையினருக்கும் நன்றி கூறவேண்டும். செப்டம்பர் 1 முதல் அது சி வகைப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. தண்டனை கடுமையானபோதும், தாமாக முன்வந்து உதவி நாடுவோருக்குத் தண்டனை இல்லை என்ற வழியைத் திறந்து வைத்தார்களே, அதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். அச்சமே பல வீடுகளின் வாயை அடைத்துவிடுகிறது.

வாரந்தோறும் எங்கள் மகனைச் சந்தித்து, அவன் பேச மறுத்த நாள்களிலும் எழுந்து போகாமல் உடனிருந்த ஆலோசகருக்கும், விடுபட்ட பாடங்களைத் தனியே அமர்ந்து கற்பித்து, வகுப்பில் எவரும் அவனை இழித்துப் பேசாதவாறு பார்த்துக்கொண்ட விரிவுரையாளருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவன் இப்போது கல்லூரிக்குச் செல்கிறான், சிகிச்சையும் தொடர்கிறது.

பிள்ளையின் நடை தள்ளாடுவதையோ, கை நடுங்குவதையோ கண்டு ஐயுறும் பெற்றோர் எவரேனும் ஆலோசகரிடம் தனியே செல்லத் தயங்கினால், எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் எங்களைக் கேளுங்கள். உடன் வருகிறோம்.

நன்றியுடன்,
ஒரு தந்தையும் தாயும்
ஈசூன், சிங்கப்பூர்