பட்டர்மியர் விடுதிக் குடும்பத்தைத் தேட உதவியவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள் ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில் தனித்தனியாகக் கடிதம் போட்டாயிற்று. ஆனாலும் நீங்கள் செய்த உதவி என்ன என்பதை எங்கள் ஊர்க்காரர்களும் படிக்க வேண்டும் என்ற ஆசையில் தமிழிலும் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. இங்கிலாந்தின் வடமேற்கே, கம்பர்லாந்து மலைகளுக்கு நடுவில், இரண்டு ஏரிகளுக்கு இடையே உள்ள சின்னஞ்சிறு கிராமம் பட்டர்மியர். அங்கே ஃபிஷ் இன் என்ற விடுதியை ஜோசப் ராபின்சனும் அவர் மனைவியும் நடத்திவந்தார்கள். 1778-ல் பிறந்த அவர்கள் மகள் மேரி, வருகிறவர்களுக்குப் பரிமாறுவார். ஜோசப் பட்வொர்த் என்ற பயணி 1792-ல் வெளியான தன் பயண நூலில் இந்தப் பெண்ணின் அழகைப் புகழ்ந்து எழுதினார். அவ்வளவுதான், அவரைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 1802-ல், 'கர்னல் அலெக்ஸாண்டர் அகஸ்டஸ் ஹோப், எம்.பி.' என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தான். அக்டோபர் 2-ஆம் தேதி லார்டன் தேவாலயத்தில் மேரியைக் கல்யாணம் செய்துகொண்டான். உண்மையில் அவன் ஜான் ஹாட்ஃபீல்ட். ஏற்கெனவே மனைவியும் பிள்ளைகளும் இருந்தவன். மறு வருடம் செப்டம்பரில் கார்லைல் நகரில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அதுவும் மேரிக்குச் செய்த துரோகத்துக்காக இல்லை, ஹோப் பெயரில் போட்ட கள்ளக் கையெழுத்துக்காக.

இருநூறு வருடங்களுக்கு மேலாக எல்லாரும் சொல்வது அவன் கதையைத்தான். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் குடும்பம். விடுதியை நடத்திய அப்பா, அம்மா, பிற்பாடு மேரி வாழ்ந்த வாழ்க்கை. அவர்களோடு எனக்கு ரத்த உறவு எதுவும் கிடையாது. இருந்தும் "உங்களுக்கு எதற்கு இதெல்லாம்?" என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முதல் நன்றி கார்லைல் ஆவணக் காப்பக ஊழியர்களுக்கு. விடுதிக் குடும்பத்தைத் தேடுவது மற்ற கிராமத்துக் குடும்பங்களைத் தேடுவதைவிட ஒரு விதத்தில் சுலபம் என்று எனக்குப் புரியவைத்தவர்கள் நீங்கள். கூலி வேலை பார்த்தவர் பிறப்பிலும் கல்யாணத்திலும் சாவிலும் மட்டும்தான் ஏட்டில் வருவார். விடுதிக்காரர் அப்படி இல்லை. 1552-லேயே போட்ட சட்டப்படி பியர் விற்க நீதிபதிகளின் உரிமம் வேண்டும். கடையை ஒழுங்காக நடத்துவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு ஜாமீன் ஆளும் வேண்டும். 1753-க்கு அப்புறம் இதையெல்லாம் பதிவேட்டில் ஏற்றிவைப்பதும் கட்டாயமானது. ஆக, ஜாமீன் நின்றவர் யார் என்று பார்த்தால் அந்த ஊரில் யார் யாரை நம்பினார்கள் என்பதே தெரிந்துவிடும். "உரிமம் பெற்றவர் பெயரோடு நிறுத்தாதீர்கள், அடுத்த பெயரையும் பாருங்கள்" என்று மேசைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனீர்களே, இப்போது எந்தக் கட்டைப் பிரித்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

உரிமம் அப்பா பெயரில் இருக்கும். தட்டு ஏந்திய மகள் பெயர் அதில் வராது. மேரிக்காகத் தேவாலயப் பதிவேடுகளுக்குத்தான் போக வேண்டியிருந்தது. லார்டன் கல்யாணப் பதிவைப் படிக்க உதவிய உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! 1754-லிருந்து மணமக்களும் சாட்சிகளும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதனால் அந்த ஒரே பதிவில் மேரியின் உண்மைப் பெயரும் அவனுடைய பொய்ப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் அடுத்த பக்கம் போகும்வரை நீங்களும் பேசாமல் இருந்தீர்கள்.

பழைய பத்திரிகைகளை எடுத்துத் தந்த நூலகத்தாருக்கும் நன்றி. கவிஞர் கோல்ரிட்ஜ் அப்போது கெஸ்விக் ஊரில் குடியிருந்தார். இந்தக் கல்யாணச் செய்தியை 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகைக்கு எழுதி அனுப்பியவர் அவர்தான். குட்டு உடைந்ததும் மேரி நாடு முழுக்கப் பேச்சானார். ஒரு குடும்பத்தின் துக்கம் லண்டன்காரர்களின் காலைச் செய்தியானதை அந்தத் தாள்களிலேயே படித்தபோது மனசு ஆறவில்லை. ராபின்சன் குடும்பத்துக்காக ஊரார் நிதி திரட்டியதும் பதிவாகியிருக்கிறது. அதைத் தேடிக் காட்டியவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கால்ட்பெக் கிராமத்து அம்மா, உங்களை மறப்பேனா? மேரி அப்புறம் அந்த ஊர் விவசாயி ரிச்சர்ட் ஹாரிசனை மணந்து, பிள்ளைகள் பெற்று, 1837-ல் காலமானார். இங்கிலாந்தில் பிறப்பு இறப்பை அரசாங்கம் பதிவு செய்யத் தொடங்கியது அதே வருடம் ஜூலை முதல் தேதி. மேரி இறந்தது அதற்குச் சில மாதங்கள் முன்னால். ஆகவே அரசு இறப்புச் சான்றிதழ் கிடையாது. அடக்கப் பதிவேடும் கல்லறைக் கல்லும்தான் ஆதாரம். அந்தத் தேவாலயத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஜான் பீல் என்ற வேட்டைக்காரரின் வெள்ளைக் கல்லறையைத்தான் தேடிப் போகிறார்கள். நீங்கள் நேராக மேரியின் கல்லுக்குக் கூட்டிப்போய், எழுத்து தெளிவாகத் தெரிய எந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று காட்டினீர்கள். அங்கே 'பட்டர்மியர் அழகி' என்ற பட்டப்பெயர் கிடையாது. ஹாரிசனின் மனைவி மேரி, அவ்வளவே. அதைப் பார்த்ததில் எனக்குப் பெரிய நிம்மதி.

பழைய ஃபிஷ் இன் இருந்த இடத்தில் இன்றும் ஹோட்டல் நடக்கிறது. வேலை நெருக்கடியிலும் பழைய விஷயங்களைப் பற்றி என்னோடு பேசிய அங்குள்ள ஊழியர்களுக்கும் நன்றி.

சேர்த்த குறிப்புகளின் பிரதிகளை வரலாற்று ஆர்வலர்களிடமே கொடுத்திருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து மேரியின் அம்மா வழியைத் தேடப் போகிறேன். பேர் போனதென்னவோ மகள்தான், ஆனால் அந்த விடுதியின் அடுப்படி அம்மாவின் பொறுப்பாகத்தான் இருந்திருக்கும். பட்டர்மியர், லார்டன் பக்கத்துப் பழைய உயில்களையோ கடிதங்களையோ வைத்திருப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் நண்பன்