‘கொஞ்சம் இடம்’ என்று உயில் எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இதழில் உயில் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. என் அப்பாவும் அப்படித்தான் எழுதிவைத்தார். ஒரே ஒரு வார்த்தையில் கோட்டை விட்டார்.

பண்ருட்டி பக்கம் அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய முந்திரித் தோப்பு 3 ஏக்கர். அதில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவரை நாங்கள் மூன்று பிள்ளைகளும் அண்ணன் என்போம். அப்பாவுக்குக் கடைசி வரை ‘டேய்’தான். 2011 டிசம்பர் 30, தானே புயல் கரையேறியபோது அப்பா தோப்பு வீட்டில் மாட்டிக்கொண்டார். ஓடு பறக்கப் பறக்க அவரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கதவுக்கு முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தவர் அண்ணன். விடிந்து பார்த்தால் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. விற்றுவிடலாம் என்றான் தம்பி. மறுபடி கன்று வைத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றித் தோப்பாக்கியது அண்ணனும் அவர் மனைவியும்.

2017-ல் அப்பா போனார். தோப்பு எங்கள் மூவருக்கும் சமபங்கு என்று எழுதி, அதன் கீழே, “என்னைப் பார்த்துக்கொண்டவனுக்குத் தோப்பில் கொஞ்சம் இடம் கொடுக்கவும்” என்று ஒரு வரி. பெயர்கூட இல்லை. ஊருக்கே தெரியும் என்று நினைத்திருப்பார்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? தம்பி 2 சென்ட் என்றான், தங்கை 10 என்றாள், நான் அரை ஏக்கர் என்றேன். கடலூர் வக்கீல் ஒருவரிடம் போனோம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். அளவு சொல்லாமல் ‘பணம்’, ‘கோதுமை’, ‘எண்ணெய்’ என்று எழுதினால் செல்லாது என்று அதிலேயே உதாரணம் இருக்கிறது. பெயர் பிசகினாலும் ஆள் யார் என்று விளங்கினால் பார்த்துக்கொள்ளலாமாம். அளவு விட்டுப்போனால் ஒன்றும் செய்ய முடியாதாம்.

அப்புறம் எங்கள் மனசாட்சிதான். அதற்கு நான்கு வருஷம் பிடித்தது. கடைசியில் மூவருமாக 12 சென்ட் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தோம். குடும்பத்தாருக்கு எழுதினால்தான் கட்டணச் சலுகை. பதிவு அலுவலகக் கணக்கில் அண்ணன் வெளியாள். கிரயம் போலவே கட்டினோம். அப்பா நான்கு எல்லையும் சர்வே எண்ணும் போட்டு ஒரு வரி எழுதியிருந்தால் இந்தச் செலவே இல்லை. அண்ணன் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எனக்கு இப்போது 71. நானும் உயில் எழுதிவிட்டேன். என் வீட்டில் 19 வருஷமாகச் சமைக்கும் அம்மாவுக்குப் பின்கட்டு இரண்டு அறையில் ஆயுள் வரை குடியிருக்கும் பாத்தியமும், 3 லட்சம் ரூபாயும்; மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு. நாங்கள் கூப்பிடும் பெயர் வேறு என்பதால் ரேஷன் கார்டைப் பார்த்துப் பெயர் எழுதினேன். சாட்சிகள் இருவரும் என்னைவிட வயதில் சிறியவர்கள். போன மாதம் பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்தும் காட்டினேன். மகன் முகம் சுளித்தான். சுளிக்கட்டும், நான் இருக்கும்போதே.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.
(குடும்ப விஷயம் என்பதால் பெயர் வெளியிட வேண்டாம்.)