பருமன் கட்டுரைக்குக் கீழே பவுடர் விளம்பரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் உடல் பருமன் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். வாயைக் கட்டுங்கள், நடங்கள், சோற்றைக் குறையுங்கள் என்ற வழக்கமான புத்திமதிதான், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அதே பக்கத்தின் அடியில் 'எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்' பவுடர் ஒன்றின் விளம்பரம் கால் பக்கத்துக்கு இருந்ததே, அதைப் பார்த்த பிறகுதான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பருமனாக இருப்பவர்களின் உடம்பில் எதிர்ப்பு சக்தி போதாமல் கிடக்கிறது என்பது பாதிக் கதைதான். கொழுப்புக்குள் அது ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது, சர்க்கரை நோய்க்கு அதுவும் ஒரு காரணம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் மருந்துக்கடை நடத்துகிறேன். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைச் சீட்டோடு வருகிறவர்களில் பலர் கையோடு ஒரு இம்யூனிட்டி பவுடரும் கேட்கிறார்கள், கேட்டால் 'பேப்பரில் போட்டிருந்தான்' என்கிறார்கள்.

கொழுப்பு என்றால் சும்மா தேங்கிக் கிடக்கும் பண்டம் என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். 1993-ல் பாஸ்டனில் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழுவினர் கொழுத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருள் (அழற்சி என்றால் எதிர்ப்பு சக்தி கிளர்ந்து எழுவது) அதிகமாகச் சுரப்பதைக் கண்டார்கள், அதை முடக்கியதும் எலிகளின் உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. இந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதற்கு 2003-ல்தான் பதில் வந்தது. கிருமியை விழுங்குவதற்காக இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு செல்கள் கொழுப்புக்குள் கூட்டமாகக் குடியேறியிருந்தன. ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசு செல்களில் இவை 10 சதவீதம்கூட இல்லை, பருமனானவர்களிடம் கிட்டத்தட்ட 40 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். கொழுப்பு செல் அளவுக்கு மீறி உப்பி, ஆக்சிஜன் சரியாகக் கிடைக்காமல் செத்துப்போனால், எழவு விழுந்த வீட்டைச் சுற்றி ஊரே கூடுவதைப் போல இந்த செல்கள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. அவை கக்கும் பொருள்கள் ஈரலிலும் தசையிலும் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன, அதில் ஒன்றான இன்டர்லூகின்-1 பீட்டா, இன்சுலின் சுரக்கும் கணைய செல்களையே பதம் பார்க்கிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அதனால் யாருக்கும் தெரிவதும் இல்லை.

சரி, அப்படியானால் அழற்சியை அடக்க மருந்து கொடுத்தால் தீர்ந்ததா என்றால், அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த சாலிசிலேட் மருந்தைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை குறைகிறது என்று 1901-லேயே மான்செஸ்டரில் வில்லியம்சன் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். அதன் உறவுக்கார மருந்தான சால்சலேட்டை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2013-ல் வந்தது, மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 0.37 புள்ளி மட்டுமே கூடுதலாகக் குறைந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்பிரின் கேட்டுக் கடைக்கு வரவேண்டாம், வயிறு புண்ணாகும்.) எலிக்குப் பலித்த டிஎன்எஃப் தடுப்பு, சர்க்கரை நோயாளிகளிடம் செய்த முதல் சோதனையில் பலிக்கவில்லை. இன்டர்லூகின்-1 பீட்டாவை அடக்கும் கனாகினுமாப் ஊசியை, மாரடைப்பு வந்த பத்தாயிரத்துச் சொச்சம் பேரிடம் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். நடுத்தர அளவு ஊசியில் மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 15 சதவீதம் குறைந்தன, ஆனால் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது குறையவில்லை, தொற்றில் இறந்தவர்களும் ஊசி போட்டவர்களில் அதிகம். இத்தனை பணமும் படிப்பும் செலவழித்த இடத்திலேயே நிலைமை இது. டப்பாவில் அடைத்த பவுடரோ எதிர்ப்பு சக்தியைக் 'கூட்டுகிறேன்' என்கிறது! எதைக் கூட்டும், எங்கே கூட்டும் என்று விளம்பரத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை.

அப்புறம் இன்னொன்று. கட்டுரை முழுக்க எடை, எடை என்றே போகிறது. நம் ஊர் ஆட்களுக்கு எடை மிஷின் மட்டும் போதாது. புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டார்கள், இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) ஒரே 22.3, ஆனால் உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மில் ஒல்லியாகத் தெரிகிறவருக்கும் குடலைச் சுற்றிக் கொழுப்பு இருக்கலாம், தோலுக்கு அடியில் இருப்பதைவிட அதில்தான் இந்த அழற்சித் தொல்லை அதிகம். சென்னையிலிருந்து ஒருங்கிணைத்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2023-ல் சொன்னதும் இதுதான்: பிஎம்ஐ கணக்கில் பருமன் 28.6 சதவீதம், இடுப்பளவுக் கணக்கில் 39.5 சதவீதம்.

கடையில் ஒரு டெய்லர் டேப் வைத்திருக்கிறேன். இடுப்பு எவ்வளவு என்றால் ஆண்கள் பேன்ட் சைஸைச் சொல்கிறார்கள், '34 சார்' என்று. பேன்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபடி, வயிற்றை எக்காமல் அளந்தால் அதே ஆளுக்கு 98 சென்டிமீட்டர் வருகிறது. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எடையும் வயிறும் குறையக் குறைய ரத்தத்தில் சிஆர்பி என்ற அழற்சி அளவும் இறங்குவது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம், ஆகவே உங்கள் கட்டுரையின் புத்திமதி வீண் இல்லை. ஏன் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

அடுத்த முறை பருமன் பற்றிப் போடும்போது இந்த 90, 80 கணக்கையும் அளக்கும் முறையையும் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள், வெட்டிக் கடையில் ஒட்டிக்கொள்கிறேன். விளம்பரமே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, பத்திரிகையும் நடக்க வேண்டும். அந்தப் பவுடரை வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள், போதும்.

இப்படிக்கு,
மருந்துக்கடை வாசகர் ஒருவர்,
கும்பகோணம்