கடைசியாக வந்த வரியை நம்பிப் பிழை தேடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படிவம் 3-இல் பைத்தான், படிவம் 4-இல் ஜாவா என்று நம் பிள்ளைகள் பள்ளியிலேயே நிரல் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பிழை தேடக் கற்றுத் தரும்போது பல டியூஷன் வகுப்புகளில் ஒரு விதியை வேதவாக்காகச் சொல்கிறார்கள்: "இடையிடையே பிரிண்ட் (எழுத்தை வெளியிடும் கட்டளை) போடு. எது கடைசியாக வந்ததோ, அதற்கு அடுத்த வரியில்தான் கோளாறு." இதை அப்படியே நம்பும் மாணவர், கோளாறே இல்லாத இடத்தை மணிக்கணக்கில் தோண்டிக்கொண்டிருப்பார்.

பிரிண்ட் கட்டளை எழுத்தை உடனே வெளியே அனுப்பிவிடுவதில்லை. பஃபர் எனும் நினைவகப் பகுதியில் சேர்த்து வைத்து, பிறகு மொத்தமாகத் தள்ளுகிறது. எப்போது தள்ளும் என்பதில்தான் சூட்சுமம். லினக்சில் சி, பைத்தான் இரண்டுக்கும் வழக்கம் ஏறக்குறைய ஒன்றே. வெளியீடு டெர்மினலுக்கு, அதாவது கட்டளை தட்டும் திரைக்குப் போனால், வரி முடிந்ததும் தள்ளும். கோப்புக்கோ பைப்புக்கோ (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் கொண்டுபோகும் குழாய்) போனால், பஃபர் நிறையும்வரை தள்ளாது. பைத்தானில் இந்த அளவு நெடுங்காலம் 8,192 பைட்டாக இருந்தது. சி நிரல் பைப்புக்கு எழுதும்போது வழக்கமாக 4,096. சி மொழியில், பிழைச் செய்திக்கென உள்ள தனி வெளியீட்டு வழியான ஸ்டாண்டர்ட் எரர் மட்டும் எதற்கும் காத்திருக்காது.

ஆகவே, திரையில் ஒழுங்காகக் காட்டிய நிரலையே கோப்புக்குத் திருப்பிவிட்டால் கதை மாறிவிடும். பத்து பிரிண்ட்எஃப் (சி மொழியின் பிரிண்ட்) வரிகளைத் தாண்டிய ஒரு சி நிரல், அடுத்த வரியில் தவறான நினைவக இடத்தைத் தொட்டு, செக்மென்டேஷன் ஃபால்ட் ஆகி விழுகிறது என்று வையுங்கள். வெளியீடு பதிவாகும் லாக் கோப்பைத் திறந்தால் வெறுமையாக இருக்கும். பத்தும் பஃபரிலேயே கிடந்து நிரலோடு போய்விட்டன. பாவம், மாணவர் முதல் வரியைச் சந்தேகிப்பார். பைத்தானில் குழப்பம் வேறு மாதிரி. எக்செப்ஷன் எனும் பிழை வந்து நின்றால், பஃபரில் உள்ளது முடிவில் எப்படியும் எழுதப்பட்டுவிடும். ஆனால் ஓடும்போதே நிரல் ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதும் பிழைச் செய்தி அதற்கு முன்பே கோப்பில் ஏறியிருக்கும். இரண்டையும் ஒரே கோப்புக்கு அனுப்பினால் பிழை மேலே, அதற்கு முன் நடந்தவை கீழே! பைத்தான் நிரலைக் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால் பஃபரில் இருப்பது தப்பும். சாதாரண கில் கட்டளையால் நிறுத்தினால் தப்பாது.

எனவே ஆசிரியர்கள் முதலில் கேட்கவேண்டியது, "வெளியீடு எங்கே போகிறது?" என்பதைத்தான். எக்லிப்ஸ் போன்ற நிரல் எழுதும் மென்பொருளில் கீழே தெரியும் கட்டம் திரை போலத் தோன்றினாலும், பல வேளைகளில் நிரலுக்கு அது வெறும் பைப். "உங்கள் பெயர்:" என்ற கேள்வி வராமலே நிரல் பதிலுக்குக் காத்து நிற்பது இதனால்தான்.

தீர்வு எளிது. பஃபரில் உள்ளதை உடனே தள்ளவைப்பதுதான் ஃப்ளஷ். பைத்தானில் பிரிண்ட் அடைப்புக்குள் ஃப்ளஷ்=ட்ரூ சேர்க்கலாம்; 3.3 பதிப்பிலிருந்து இது உண்டு. நிரல் முழுவதற்கும் வேண்டுமானால் பைத்தான் என்ற கட்டளையோடு "-யு" போதும். சி-யில் எஃப்ஃப்ளஷ் கட்டளை. டெயில் (கோப்பின் கடைசி வரிகளைக் காட்டுவது), கிரெப் (வேண்டிய வரிகளைப் பொறுக்குவது), டீ (திரைக்கும் கோப்புக்கும் அனுப்புவது) ஆகிய லினக்ஸ் கட்டளைகள் மூன்றையும் பைப்பால் கோத்து லாக்கைப் பார்க்கும்போது எதுவும் வரவில்லையா? நடுவில் உள்ள கிரெப்தான் தேக்கி வைத்திருக்கும். அதற்கு லைன்-பஃபர்டு என்ற தெரிவைக் கொடுக்கவேண்டும். வெளியிலிருந்தே பஃபர் முறையை மாற்றும் ஸ்டட்பஃப் கருவி, சி நூலகத்தின் பஃபரை மட்டுமே மாற்றும். பைத்தானிடம் அது செல்லாது. ஜாவாவில் எழுத்தை வெளியிடும் பிரிண்ட்ரைட்டரில் ஆட்டோஃப்ளஷை (தானே ஃப்ளஷ் செய்யும் வசதி) இயக்கினாலும் பிரிண்ட்எல்என், பிரிண்ட்எஃப், ஃபார்மட் ஆகியவற்றுக்குத்தான் வேலை செய்யும், வெறும் பிரிண்டுக்குச் செய்யாது. கோப்பை மூட மறந்தாலோ, கடைசிப் பகுதியே காணாமல் போகும்.

அதற்காக வரிக்கு வரி ஃப்ளஷ் போடச் சொல்லாதீர்கள். 40 பைட் நீளமுள்ள 10 லட்சம் வரிகளை 8,192 பைட் பஃபர் வழி எழுதினால், இயங்குதளத்தை ஏறக்குறைய 4,900 முறை அழைத்தால் போதும். ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் என்றால் அதுவே 10 லட்சம் அழைப்பு. சி++ வகுப்புகளில் பழக்கதோஷத்தால் எல்லா வரிக்கும் எண்ட்எல் (வரியை முடித்து ஃப்ளஷும் செய்வது) போடுவது இந்த வீண் வேலைதான்.

தமிழில் எழுதும் நிரல்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். "பினாங்கு" என்ற சொல்லே 24 பைட். 4,096 மூன்றால் மீதியின்றி வகுபடாது. ஆகவே பஃபர் நிறையும் இடத்தில் ஓர் எழுத்து இரண்டாக வெட்டுப்படக்கூடும். வாங்கும் நிரல் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக மாற்ற முயன்றால், நடுவில் கேள்விக்குறிக் கட்டம் முளைக்கும். இங்கே ஃப்ளஷ் கைகொடுக்காது. மிச்ச பைட்டை அடுத்த துண்டோடு சேர்த்துப் படிக்கும் இன்கிரிமென்டல் டிகோடர் வேண்டும். பைட்டைப் படித்து எழுத்தாக்கும் ஜாவாவின் இன்புட்ஸ்ட்ரீம்ரீடர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் ஒன்றைக் கூடுதலாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஃப்ளஷ் செய்தது இயங்குதளத்தின் கைக்குத்தான் போகிறது, வட்டுக்கு அல்ல. நிரல் விழுந்தாலும் அது நிலைக்கும். மின்சாரம் போனால் நிலைக்காது. சோதனை இயந்திரத்தின் லாக் மின்தடையையும் தாங்கவேண்டுமானால், முக்கியமான பதிவுக்குப் பின் முதலில் ஃப்ளஷ், அடுத்து இயங்குதளத்திடம் உள்ளதை வட்டில் எழுதவைக்கும் எஃப்சிங்க். வரிசை மாறினால் பயனில்லை, பஃபரில் உள்ளது எஃப்சிங்குக்குத் தெரியாது.

இக்கண்,
நிரலாக்கப் பயிற்றுநர்கள்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு.