எல்லா டாப்வாட்டர் லூரும் ஒண்ணு இல்ல சார்

ஆசிரியர் சார் வணக்கம், அமெரிக்கால பாஸ் மீன் பிடிக்கிறத பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரை நல்லாருந்துச்சு, ஆனா டாப்வாட்டர் லூர, அதாவது தண்ணி மேல்பரப்புல ஓட்டுற போலி இரைய மட்டும் ஒரே வரில முடிச்சிட்டீங்களே. ஹெடன் கம்பெனியோட ஸாரா ஸ்பூக்ங்கிற லூர் 1930கள்ல இருந்தே இருக்கு, தூண்டில் ராட் நுனிய சின்ன சின்னதா சுண்டி நூல தளர விட்டா இடமும் வலமும் மாறி மாறி நழுவும். வாய் குழிஞ்ச பாப்பர் வேற, இழுத்தா களக்குனு தண்ணி தெறிக்கும், அப்புறம் நிறுத்தணும், நின்ன நேரத்துல தான் பெரும்பாலும் மீன் அடிக்கும். விசிறி மாதிரி தகடு சுத்துற பஸ்பெய்ட்ட நிறுத்தினா மூழ்கிடும், அதனால இழுத்துக்கிட்டே இருக்கணும். அல்லி இலை மண்டின இடத்துக்கு ரப்பர் தவளை தான், கொக்கி ரெண்டும் உடம்போட ஒட்டி மேல பாத்து இருக்குறதால செடில சிக்காது, என்னைக் கேட்டா இதுதான் ராஜா, ஆனா மீன் பாஞ்ச உடனே இழுத்துடாம கனம் கையில தெரிஞ்சப்புறம் இழுக்கணும். அடுத்த தடவை படத்தோட போடுங்க சார்.

– ஒரு வாசகர், டெக்சாஸ்