வலதுசாரி என்று ஒரே கூடையில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காசா போர் பற்றி நம் பத்திரிகைகளில் எந்தக் கட்டுரை வந்தாலும் ‘அமெரிக்க வலதுசாரிகளின் அசைக்க முடியாத இஸ்ரேல் ஆதரவு’ என்ற வரி ஓரிடத்திலாவது தலைகாட்டிவிடுகிறது. டெக்சாஸில் பல வருடங்களாக இருக்கிறேன், சுற்றிலும் குடியரசுக் கட்சிக்காரர்கள்தான். அந்த வரி இன்று பாதிதான் உண்மை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2025 மார்ச்சில் பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பைப் பாருங்கள். குடியரசுக் கட்சி சார்ந்தவர்களில் 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் 50 சதவீதம் பேருக்கு இஸ்ரேல் மீது நல்ல அபிப்பிராயம் இல்லை. 2022-இல் அது 35 சதவீதமாக இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அதே எண் 23 சதவீதம்தான். ஒரே கட்சி, ஒரே வேட்பாளருக்கு விழுந்த ஓட்டு, ஆனால் வயதைக் கேட்டால் இரண்டு கட்சி மாதிரி இருக்கிறது.

என் பக்கத்து வீட்டிலேயே இதைப் பார்க்கிறேன். பெரியவருக்கு எழுபதுக்கு மேல். வாசலில் அமெரிக்கக் கொடி, அதற்குக் கீழே சின்னதாக இஸ்ரேல் கொடி. அவருக்கு இது அரசியலே இல்லை, பைபிளின் ஆதியாகமம் 12-ஆம் அதிகாரத்தில் கடவுள் ஆபிரகாமுக்குச் சொன்ன வாக்கு, இஸ்ரேலுக்கும் சேர்த்துச் சொன்னதாக அவர் எடுத்துக்கொள்வது: ‘உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்’. அதோடு, சோவியத் யூனியன் ஒரு பக்கம், நம்மாட்கள் ஒரு பக்கம் என்று உலகம் தெளிவாகப் பிரிந்து கிடந்த காலத்தில் வளர்ந்தவர். 2025 ஜூனில் எங்கள் செனட்டர் டெட் குரூஸ், வலதுசாரி ஊடகப் பேச்சாளர் டக்கர் கார்ல்சனுக்கு ஈரானுடனான சண்டை பற்றிக் கொடுத்த பேட்டியில் இதே வசனத்தைச் சொல்லிவிட்டு, அது பைபிளில் எங்கே இருக்கிறது என்று கேட்டதும் தடுமாறினார், அப்புறம் ஈரானின் மக்கள்தொகை எவ்வளவு என்ற கேள்விக்கும் பதில் இல்லை. பெரியவருக்கு அன்று வந்த கோபம் கார்ல்சன் மேல் இல்லை, வசன எண் தெரியாத குரூஸ் மேல்!

பேரன் கல்லூரியில் படிக்கிறான். 2024-இல் அவனும் டிரம்புக்குத்தான் போட்டான். அந்தப் பேட்டியை அவனும் போனில் பார்த்திருக்கிறான், ஆனால் அவனுக்குள் தங்கிய கேள்வி வேறு: ‘எந்த நாடு என்றே சரியாகத் தெரியாமல் சண்டைக்குப் போகலாமா?’ இந்தக் கேள்வி அவனுக்கு இணையத்திலிருந்து மட்டும் வரவில்லை. அவனுடைய அப்பா இராக் போருக்குப் போய் வந்தவர். இஸ்ரேல் ஈரானைத் தாக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஈரானின் அணு நிலையங்கள் உள்ள ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் மூன்றிலும் அமெரிக்காவும் குண்டு போட்டது ஜூன் 22. பன்னிரண்டு நாள் கழித்து ஜூலை 4, தெரு முழுக்க வாணவேடிக்கை. அந்த மனிதர் கராஜ் கதவை இறக்கிவிட்டு, புல்வெட்டும்போது போடுகிற காதுமூடியை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். அவன் கதவுக்கு வெளியே நின்றபடி பட்டாசு விடுகிற பிள்ளைகளைத் தெருக்கோடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். நட்பு நாட்டுக்காக ஒரு போர் என்று அவனிடம் யாராவது பேச ஆரம்பித்தால் அவன் கண்முன் வருவது அந்த கராஜ்தான் என்று நினைக்கிறேன்.

பணக் கணக்கும் இருக்கிறது. 2016-இல் ஒபாமா காலத்தில் போட்ட ஒப்பந்தப்படி பத்து வருடத்துக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவி இஸ்ரேலுக்குப் போகிறது. 2024 ஏப்ரல் 20 அன்று பிரதிநிதிகள் சபையில் உக்ரைன் உதவி ஓட்டுக்கு வந்தபோது குடியரசுக் கட்சியினரில் 112 பேர் எதிர்த்தார்கள், 101 பேர் ஆதரித்தார்கள். ‘நம் எல்லையை முதலில் பார்ப்போம், நம் கடனைப் பார்ப்போம்’ என்று பேச்சு. அதே நாளில் இஸ்ரேல் உதவிக்கு ஓட்டு நடந்தபோது எதிர்த்த குடியரசுக் கட்சியினர் 21 பேர்தான். அந்தப் பையன் கேட்பது இதைத்தான்: அமெரிக்கா முதலில் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே, இந்த ஒரு நாடு வந்ததும் மட்டும் அந்த அளவுகோலை எடுத்து ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்? தாத்தாவிடம் இதற்குப் பதில் வசனம்தான். வசனத்துக்கு எதிர்வாதம் பேரனிடம் இல்லை, பேச்சு அதோடு நின்றுபோகும்.

‘அசைக்க முடியாத’ என்பது பழைய காலத்துக்கே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு சினாயை விட்டு வெளியேறு என்று இஸ்ரேலை நெருக்கியவர் அதிபர் ஐசன்ஹோவர். 1991-இல் குடியேற்றங்களைக் காரணம் காட்டி 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை நிறுத்தி வைத்தவர் அதிபர் அப்பா புஷ். இரண்டு பேருமே குடியரசுக் கட்சி.

ஆனால் இதை வைத்து அவசரப்பட்டு வேறு முடிவுக்கும் வந்துவிடக்கூடாது. இந்த இளைஞர்கள் பாலஸ்தீனத்தின் பக்கம் வந்துவிட்டார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள், அது ஆசை. அந்தப் பையனுக்குக் காசாவுக்காகக் கல்லூரியில் கூடாரம் போட்ட போராட்டக்காரர்களைக் கண்டாலே ஆகாது. அவன் சொல்வது ‘எங்களை விட்டுவிடுங்கள்’ என்பதுதான். இன்னொன்று, எழுதவே கசக்கிறது: இந்த மாற்றத்தின் ஓரத்தில் அப்பட்டமான யூத வெறுப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது. 2025 அக்டோபரில் கார்ல்சன், யூத வெறுப்பை வெளிப்படையாகப் பேசும் நிக் ஃபுவெண்டஸை உட்கார வைத்துப் பேசினார், கார்ல்சனுக்குப் பரிந்து பேசிய ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி ஆய்வு அமைப்பின் தலைவருக்கு அவருடைய நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. நியாயமான கேள்வியையும் இந்த விஷத்தையும் பிரித்துப் பார்க்கப் பெரியவர்களுக்கும் தெரியவில்லை, சில இளைஞர்களுக்கு மனமும் இல்லை.

அதிகாரம் இன்னும் மூத்தவர்கள் கையில்தான். 2025 ஜூலையில் இஸ்ரேலின் ஏவுகணைத் தடுப்புக்கான 50 கோடி டாலரை நீக்கச் சொல்லி குடியரசுக் கட்சியின் மார்ஜரி டெய்லர் கிரீன் பிரதிநிதிகள் சபையில் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 6, எதிர்ப்பு 422. அந்த ஆறில் குடியரசுக் கட்சியினர் அவரும் தாமஸ் மாஸியும் மட்டும்தான். அதனால் உங்கள் கட்டுரையாளர் நாடாளுமன்றத்தைப் பற்றி எழுதினால் சரி, அந்த வரி அப்படியே இருக்கட்டும். வாக்காளர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் வயதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

போன வாரம் பெரியவர் வெயிலில் வெளுத்துப்போன இரண்டு கொடிகளையும் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார். ஏணியைப் பிடித்துக்கொண்டது பேரன்தான், எதுவும் பேசவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டெக்சாஸ்